முறைவழியாக்கியும் விலை வேற்றுமையும்

ஒரு பொருளின் விலை அதனை ஆக்குதற்கு உற்ற செலவை ஒட்டியே அமையும் என்பது உலகோர் பொதுவாகக் கொண்ட கருத்து. பானை வனைவோனும் பாய் இழைப்போனும் விலை கூறுங்கால் இக்கருத்துப் பெரும்பாலும் பொருந்தும். கணினியின் மூளை எனப்படும் முறைவழியாக்கிக்கோ இது முற்றும் பொருந்துவதன்று. அமைப்பில் ஏறத்தாழ ஒன்றேயாகிய இரு முறைவழியாக்கிகள் விலையிற் பெரிதும் வேறுபடுதலுண்டு. இதன் காரணங்களை இன்ரெல் கம்பனியின் 486 என்னும் முறைவழியாக்கியின் வரலாறு தெளிவுறக் காட்டும்.

முதற்கண் ஆக்கமுறையை நோக்குவாம். வட்டமான சிலிக்கன் தகடு ஒன்றின்மீது பல சில்லுகள் ஒருங்கே உருவாக்கப்பட்டுப் பின்னர் தனித்தனியே வெட்டி எடுக்கப்படுகின்றன. ஒரே தகட்டிற் பிறந்தனவாயினும் அவை ஒரு தன்மையன அல்ல. நுண்ணிய தூசு முதலிய குறைகளாற் சில பயனற்றுப்போகும். சில உயர்ந்த மீடிறனிலும் பிழையின்றி இயங்கும். வேறு சில தாழ்ந்த மீடிறனில் மட்டுமே இயங்கும். ஆகவே அவற்றைச் சோதித்துத் தரம்பிரித்து விலை குறிப்பர். புகையிலையைத் தரம்பிரித்து விற்றற்கு இஃது ஒப்பாகும். இத்தகைய விலை வேற்றுமையைக் குறைகூறுவார் இலர்.

ஆயின் தரவேற்றுமை ஒன்றே காரணமன்று. 1989 ஏப்பிரிலில் வெளியிடப்பட்ட 486, ஏறத்தாழ 12 இலட்சம் திரான்சிற்றர்களைக் கொண்டது. முன்னர்த் தனிச் சில்லாக விற்கப்பட்ட கணிதத் துணையுறுப்பும் அதனுள்ளேயே அமைக்கப்பட்டது. 1991 ஏப்பிரிலில் 486எஸ்எக்ஸ் என்னும் மலிவான வகை வெளிவந்தது. முன்னையது 486டீஎக்ஸ் எனப்பட்டது. முதலில் வந்த எஸ்எக்ஸ் சில்லினுள்ளும் அக்கணிதப் பகுதி இருந்தது. ஆயின் இயங்காவண்ணம் முடக்கப்பட்டிருந்தது. 1991 இல் டீஎக்ஸ் 588 டொலருக்கும் எஸ்எக்ஸ் 333 டொலருக்கும் விற்கப்பட்டன எனப் பொருளியலறிஞர் டெனெக்கியரும் மக்கஃபீயும் 1996 இல் வெளியிட்ட ஆய்விற் குறித்துள்ளனர். முடக்கப்பட்ட பொருளே ஆக்கச்செலவு மிக்கது என்பதும் அவர்தம் கூற்று. கணிதப் பகுதியை அறவே நீக்கிய எஸ்எக்ஸ் சில்லுகள் பிற்காலத்தனவாம்.

எஸ்எக்ஸ் வாங்கியோர் பின்னர்க் கணித ஆற்றலையும் வேண்டின், அவர்க்கென 487எஸ்எக்ஸ் விற்கப்பட்டது. துணையுறுப்பு என வழங்கப்பட்ட அது, ஓர் ஊசி மிகுதியாகப் பெற்ற முழுமையான டீஎக்ஸே. அதனைப் பொருத்தியதும் பழைய சில்லு செயலொழிய, எல்லா வேலையையும் அதுவே செய்தது.

இவ்வாறு செய்ததன் நோக்கம் யாது? புதிய முறைவழியாக்கியை வகுத்தற்கும் ஆலை நிறுவுதற்கும் பெருந்தொகை செலவாகும். அதன்பின் மேலும் ஒரு சில்லை ஆக்குதற்குரிய செலவு சிறிதே. எனவே விற்போன் கொடுக்க வல்லாரிடம் மிகுதியும் இயலாதாரிடம் குறைவும் பெற விழைகின்றான். முழுப்பொருளையே மலிவாக விற்பின் வல்லாரும் அவ்விலையே கொடுப்பர். இருசாராரையும் பிரித்தற்கு இட்ட வேலியே முடக்கப்பட்ட கணிதப் பகுதி. இது புதிய உத்தியன்று. மூன்றாம் வகுப்பு இரயில் வண்டிகளைக் கூரையின்றி விட்டது செலவைக் குறைத்தற்கன்று, இரண்டாம் வகுப்புக்குக் கட்டணம் செலுத்த வல்லார் அதில் ஏறாமற் தடுத்தற்கே என்பதைப் பிரெஞ்சுப் பொறியியலாளர் டியூப்பூயி 1849 இலேயே எடுத்துக்காட்டினார்.

போட்டியின் பங்கும் சிறிதன்று. 1982 இல் ஏ.எம்.டீ. கம்பனியோடு செய்த உடன்படிக்கையால் இன்ரெலின் சில்லுகளை அக்கம்பனியும் ஆக்கிவந்தது. 1985 இல் வெளிவந்த 386 இன் அமைப்பையோ இன்ரெல் அதற்கு வழங்கவில்லை. ஏ.எம்.டீ. தானே முயன்று, 40 மெகாஹேட்ஸ் மீடிறனில் இயங்கும் 386 ஒன்றை 1991 மார்ச்சில் வெளியிட்டது. இன்ரெலின் 386 அதுகாறும் 33 மெகாஹேட்சைக் கடந்ததில்லை. அடுத்த மாதமே மலிவான எஸ்எக்ஸ் சந்தைக்கு வந்தமை நோக்கற்பாலது.

எனின், வாங்குவோன் வஞ்சிக்கப்பட்டானா? கணிதப் பகுதி வேண்டாதவனுக்கு 486 குறைந்த விலையிற் கிடைத்தமை நன்மையே. இத்தகைய விற்பனையால் விற்போன், வாங்குவோன் ஆகிய எல்லாரும் பயனடைதல் கூடும் என்பதே அவ்விரு அறிஞரின் முடிபு. ஆயினும் தன் கையிலுள்ள சில்லில் உறங்கும் ஆற்றலுக்காக மற்றொரு முழுச்சில்லை வாங்க நேர்ந்தவன் அதனை நியாயம் எனக் கொள்வது அரிது. முறைவழியாக்கியின் விலை ஆக்கச்செலவை மட்டும் அளப்பதன்று. வாங்குவோனின் தேவையையும் விற்போனுக்கு எதிர்நிற்போரின் வலிமையையும் அளப்பது. ஆகலின் விலைப்பட்டியலை நோக்குவோர், விலைமிக்கது எதுவென வினவுதலை விடுத்துத் தமக்கு வேண்டுவது யாதெனத் தெளிதலே தக்கது.