சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளும் தீயின் இயல்பும்

திருக்கோணமலையின் வரலாற்றை எழுதப் புகுவோர் கோணேசர் ஆலயத்தையும், போர்த்துக்கேயர் அதனை இடித்து அக்கற்களாற் கட்டிய கோட்டையையும் விரித்துரைப்பர். சீனன்குடாக் காட்டினுள் நிற்கும் எண்ணெய்த் தாங்கிகளுக்கு ஓரிரு வரிகளோடு அமைவர். அவையும் இந்நகரின் வரலாறேயாம்.

நிலக்கரியை விட்டு எண்ணெயாற் கப்பல் செலுத்தத் தொடங்கிய ஆங்கிலக் கடற்படை, முதலாம் உலகப் போருக்குப் பின்னர் இத்தாங்கிகளை அமைத்தது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளும். 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாட் காலையில், யப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கின. அவற்றுள் ஒன்று 91ஆம் இலக்கத் தாங்கியில் வீழ்ந்தது. விமானி வேண்டுமென்றே மோதினாரா, அடிபட்ட விமானம் தானே வீழ்ந்ததா என்பதில் இன்றும் கருத்தொற்றுமை இல்லை. தீ ஏழு நாள் எரிந்தது என்பர். உருகி மடிந்த இரும்பு அங்கேயே எஞ்சியுள்ளது.

ஏழு நாள் ஏன்? மாணவர் இவ்வினாவைக் கேட்கும்போது நான் மகிழ்வதுண்டு. எரிவது திரவமன்று, அதன்மேல் எழும் ஆவியே. காற்றுப்படும் மேற்பரப்பு மட்டும் எரிய, உள்ளிருப்பது தன் முறைக்குக் காத்திருக்கும். நீரை இறைத்தாலோ, அது எண்ணெயினும் கனமாதலால் அடியிற் சென்று தங்கி, பின் கொதித்து நீராவியாகி, எரியும் எண்ணெயை வெளியே வீசவுங் கூடும். நுரையால் மேற்பரப்பை மூடிக் காற்றை மறிப்பதே தக்க வழி.

கப்பலுக்குரிய தடித்த எண்ணெய் எளிதிற் பற்றாது. பென்சீன், தொலுயீன் முதலிய நறுமண ஐதரோக்காபன்களின் நிலை வேறு. பென்சீனை 1825ஆம் ஆண்டில் மைக்கேல் பரடே பிரித்தறிந்தார். தொலுயீன் அதன் உடன்பிறப்பு, டி.என்.டி. வெடிமருந்துக்கு மூலப்பொருள். அது கொதிப்பது 111 பாகை செல்சியசில். ஆயின் 4 பாகையிலேயே பொறி பட்டாற் பற்றுமளவு ஆவியை விடும். நம்மூரில் அத்துணைக் குளிரான நாள் எது? அவ்வாவி காற்றினும் மூன்று மடங்கு கனமுடையது. நிலத்தோடு ஊர்ந்து, தொலைவிலுள்ள அடுப்பை அடைந்து, வந்தவழியே தீயைக் கொண்டுவரும். குழாயில் விரைந்தோடுகையில் மின்னேற்றமும் பெறும். ஆதலின் கலங்களைக் கம்பியால் இணைத்துப் புவியோடு தொடுத்த பின்னரே ஊற்றல் வேண்டும். பென்சீன் குருதிப் புற்றுநோயை விளைக்கும் என்பதும் நிறுவப்பட்டதே.

இவை ஆய்வுகூடத்தோடு நிற்கும் செய்திகள் அல்ல. படகுக்கு வர்ணம் பூசுவோர் கையாளும் தின்னர் பலவற்றில் தொலுயீன் உண்டு. திறந்த தின்னர்ப் போத்தலருகே சுருட்டுப் பற்றவைக்க முனைந்த ஒருவரைக் கடற்கரையில் நான் தடுத்ததுண்டு. "காற்று அடிக்குதே, மாஸ்ரர்" என்றார். அன்று காற்று அவர் பக்கம் இருந்தது மெய்யே.

2022ஆம் ஆண்டு சனவரியிற் செய்த உடன்படிக்கைப்படி 99 தாங்கிகளுள் 14 லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்துக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கும் ஒதுக்கப்பட்டன. பெற்றோலிலும் மேற்கூறிய நறுமண ஐதரோக்காபன்கள் கலந்துள்ளன. கடற்படையின் தடித்த எண்ணெயைக் கருதி அன்று வகுத்த இடைவெளிகளும் மண்ணணைகளும் இத்தகைய மெல்லிய திரவத்துக்குப் போதுமா என்பதை, பழுதுபார்க்குமுன் ஒவ்வொரு தாங்கியாக அளந்தே துணிதல் வேண்டும்.