தோட்டப் பாடசாலையும் கணினிக் கல்வியும்

எழுத்து எல்லோருக்கும் பொதுவாயிருந்த காலம் நம் சமூகத்தில் மிகக் குறுகியது. இவன் படிக்கத் தகுந்தவன், இவன் படிக்கத் தகாதவன் என்று பிறப்பைக் கொண்டு தீர்ப்புக் கூறி, ஏட்டைச் சிலர் கையிலேயே வைத்துக் காத்துவந்த நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் நம் முன்னோர். அச்சு இயந்திரமும் பொதுப் பாடசாலையும் தோன்றிய பின்னரே அந்த வேலி சாயத் தொடங்கிற்று. இன்று ஏட்டின் இடத்தில் கணினி வந்து அமர்ந்துவிட்டது. கல்வி, கூலி, வைத்தியம், சர்க்கார் உதவி ஆகிய யாவும் பெரும்பாலும் அதன் வழியாகவே நடக்கின்றன. அதை அறிந்து ஆளுகிறவர் ஒரு சாதி, அதன் முன் விழித்து நிற்கிறவர் வேறொரு சாதி என்னும் புதுப் பிரிவினை நம் கண்முன்னே உருவாகி வருகிறது. பழைய வேலியைக் கட்டியவர்கள் பிறர். இந்தப் புது வேலிக்கு நாமே முள் வெட்டிக் கொடுத்து வருகிறோமோ என்று கேட்க வேண்டியிருக்கிறது. விடை காண்பதற்கு, இந்நாட்டுத் தமிழர் எழுத்தறிவு பெற்ற வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்த்தல் அவசியம்.

சட்டம் தந்த பாடசாலை

இந்தியத் தொழிலாளரை ஒப்பந்தத்தால் கட்டிக் கொண்டுவரும் முறை மலாயாவில் 1910-ம் ஆண்டோடு நிறுத்தப்பட்டது. அதன்பின் கங்காணிகள் மூலம் ஆள் சேர்க்கும் முறையே ஓங்கிற்று. ரப்பர் மரங்கள் பெருகிய காலம் அது. பெண்டு பிள்ளைகளோடு வந்து லயத்தில் நிலைத்து வாழும் குடும்பங்கள் துரைமார்களுக்குத் தேவைப்பட்டன. இந்த நிலைமையில்தான் கூட்டு மலாய் நாடுகளில் 1912-ம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோன்றியது. ஏழு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேரேனும் இருக்கும் தோட்டத்தில் பாடசாலை அமைக்கும்படி கட்டளையிட அச்சட்டம் வழி செய்தது. 1923-ம் ஆண்டுச் சட்டமும் இந்தக் கடமையை வற்புறுத்திற்று.

சட்டம் பாடசாலையைக் கேட்டது, பாடசாலையும் வந்தது. ஆனால் கற்பிக்கிறவர் எத்தகையவராயிருக்க வேண்டுமென்பதில் போதிய அக்கறை எவருக்கும் இல்லை. பல தோட்டங்களில் ஒரு கொட்டகையே பாடசாலை. சிறிது வாசிக்கத் தெரிந்த கங்காணியோ, கிராணியோ, பால் வெட்டுத் தொழிலாளி ஒருவரோதான் உபாத்தியாயர். பிள்ளைகளும் பெற்றோருக்கு உதவியாகக் காட்டில் வேலை செய்துவிட்டுக் களைத்த உடம்போடு வந்து உட்கார்ந்தார்கள். இவ்வளவு குறையோடு கிடைத்த எழுத்தறிவும் வீண்போகவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கைநாட்டு வைத்தவரின் மகன் கையெழுத்திட்டான், பத்திரிகை வாசித்தான், 1929-ம் ஆண்டு இறுதியில் பெரியார் ஈ.வெ.ரா. மலாயாவுக்கு வந்தபோது அவர் கூறியதைக் கேட்டதோடு நில்லாமல், அச்சில் படித்தும் விவாதித்தான். தோழர் கோ. சாரங்கபாணி 1935-ல் தொடங்கிய ‘தமிழ் முரசு’க்கு வாசகர் கிடைத்ததும் இந்த எழுத்தறிவினால்தான்.

1957-ல் நாடு சுதந்தரம் பெற்றபோது தமிழ்ப் பள்ளிகள் 888 இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடிகள் பட்டணங்களுக்குச் சிதறியபின், இன்று 520-க்குச் சற்று மேற்பட்டவையே எஞ்சி நிற்கின்றன. இவ்வரலாற்றில் நாம் மறக்கலாகாத பாடம் யாதெனில், பாடசாலை என்பது கட்டடத்தால் மட்டும் ஆவதில்லை. ஆசிரியரைத் தயார் செய்யாத கல்வி அரைக் கல்வியே என்பதாகும்.

எழுத்துக்கு ஏற்ற இயந்திரம்

தோட்டத்துப் பிள்ளை மணலில் அகரம் எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில், தமிழ் எழுத்து புதிய கருவிகளுக்கு ஈடு கொடுக்குமா என்ற கேள்வி எழுந்தது. 1935-ல் ‘குடி அரசு’ சீர்திருத்த எழுத்துக்களைக் கையாளத் தொடங்கிற்று. ணா, றா, னா, லை, னை முதலியவற்றுக்கு இருந்த தனித்தனி வடிவங்களை நீக்கி, மற்ற எழுத்துக்களைப் போலவே எழுதலாமென்பது அதன் கருத்து. கற்கும் குழந்தைக்கும் அச்சுக் கோக்கும் தொழிலாளிக்கும் பளு குறைய வேண்டும் என்பதே நோக்கம். பலர் நகைத்தனர், சிலர் தமிழ் அழிந்துவிடுமென்று அலறினர். 1978-ல் தமிழ்நாடு அரசாங்கமே அதை ஏற்றுக்கொண்டது. தமிழ் அழியவில்லை.

அச்சுக்கு அப்பால் தட்டெழுத்துப் பொறியையும் தமிழுக்குக் கொண்டுவந்தவர் ஆர். முத்தையா. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886-ல் பிறந்து, 1907-ல் இப்பகுதிக்கு வந்து, கம்பெனி ஒன்றில் தலைமைக் குமாஸ்தாவாயிருந்தவர் அவர். ஆங்கிலத்துக்கு 26 எழுத்து; தமிழுக்கோ 247. இத்தனையையும் ஒரு சிறு பொறியில் எப்படி அடக்குவது? உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் ஒரு விசை வைப்பது இயலாது என்று கண்ட அவர், எழுத்தையும் குறியையும் பிரித்தார். சில விசைகளைத் தட்டினால் காகிதம் நகராதபடி அமைத்தார். ஆகவே புள்ளியும் விசிறியும் விழுந்த அதே இடத்தில் மெய்யெழுத்தும் வந்து பொருந்திற்று. 1930-களில் ஜெர்மனியின் சைடல் அண்டு நவ்மான் கம்பெனியார் இவ்வமைப்பின்படி பொறியைச் செய்து கொடுத்தனர். முத்தையா பொறியியல் பட்டம் பெற்றவரல்லர். ஆங்கிலப் பொறியை நாள்தோறும் கையாண்டவர், தமிழையும் அறிந்தவர், இவ்விரண்டையும் ஒருங்கே சிந்தித்தவர். அவ்வளவே அவருடைய மூலதனம்.

கணினிக்குத் தமிழ் வந்த விதம்

கணினிக்குத் தமிழ் வந்த வரலாறும் இதைப் போன்றதே. சிங்கப்பூரில் ஆசிரியப் பயிற்சிப் பணியிலிருந்த சிறுகதை எழுத்தாளர் நா. கோவிந்தசாமி ‘கணியன்’ என்னும் அமைப்பை உருவாக்கினார். 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளின் இணையத் தொகுப்பு வெளியானபோது தமிழ் அதில் தன் எழுத்திலேயே தோன்றிற்று. 1997-ல் தமிழிணைய மாநாட்டைச் சிங்கப்பூரில் கூட்டியவரும் அவரே. மலேசியாவில் தமிழாசிரியரும் கவிஞருமான முரசு நெடுமாறனின் மகன் முத்து நெடுமாறன், 1980-களின் நடுவிலிருந்து ‘முரசு’ மென்பொருளை வளர்த்து வந்தார். 2005 பொங்கலன்று அவருடைய ‘செல்லினம்’ மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கைப்பேசியில் தமிழ்ச் செய்தி அனுப்ப வழி திறந்தது.

இடையிலே ஒரு பெரும் குழப்பமும் இருந்தது. ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியீட்டு முறையை வைத்திருந்தது. ஒரு பள்ளியில் எழுதிய வினாத்தாளை மற்றொரு பள்ளிக் கணினியில் திறந்தால் தமிழ் இராது. புரியாத குறிகளே நிறைந்திருக்கும். 1999-ல் சென்னை மாநாடு விசைப்பலகைக்கு ஒரு பொது முறையை வகுத்தது. உயிரெழுத்துக்கள் இடக்கைப் பக்கமும் மெய்யெழுத்துக்கள் வலக்கைப் பக்கமும் அமைந்த அம்முறைக்கே தமிழ் 99 என்று பெயர். பின்னர் ஒருங்குறி முறை பரவி, எந்த நாட்டுக் கணினியிலும் தமிழ் தமிழாகவே நிற்கும் நிலை வந்தது. 2001-ல் தமிழிணைய மாநாடு நம் கோலாலம்பூரிலேயே நடந்தது. எனவே, கணினி அந்நியருடையது, தமிழ்ப் பிள்ளைக்கு எட்டாதது என்று இனிக் கூறுவது அறியாமை. குமாஸ்தாவும் ஆசிரியரும் ஆசிரியர் வீட்டுப் பிள்ளையும் அல்லவா அதைத் தமிழுக்கு வசப்படுத்தியவர்கள்!

பூச்சோங்கின் அயலிலே

நிற்க. இவ்வளவு பெருமைக்குரிய சரித்திரம் உடைய நமது பாடசாலைகளின் நிலை என்ன? பூச்சோங் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களும் சூழ்ந்த ஊர். கின்றாரா, காசல்பீல்டு என்ற தோட்டப் பெயர்களை இன்றும் தமிழ்ப் பள்ளிகள் தாங்கி நிற்கின்றன, தோட்டங்கள் நகரமாகிவிட்டன. 1996-ல் பல்லூடகப் பெருவழி என்னும் திட்டம் அறிவிக்கப்பட்டு, பூச்சோங்குக்குத் தெற்கே சைபர்ஜெயா எழுந்தது. அதற்கு அடுத்துள்ள புத்ராஜெயா எழுந்த நிலமோ பெராங் பெசார் முதலிய தோட்டங்களுடையது. தலைமுறை தலைமுறையாக அங்கே பால் வெட்டிய தமிழ்க் குடும்பங்கள் டெங்கிலில் அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றப்பட்டன. நாட்டின் கணினி யுகம் நமது லயத்து மண்ணை ஒட்டியே பிறந்தது. அந்த யுகத்தில் லயத்துப் பிள்ளைக்கு என்ன பங்கு என்று கேட்பது நியாயமல்லவா?

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று கூறமாட்டோம். 1999-ல் சுமார் 90 பள்ளிகளைக் கொண்டு விவேகப் பள்ளித் திட்டம் ஆரம்பமாயிற்று. 2011-ல் சுமார் 10,000 பள்ளிகளை இணையத்தால் இணைக்கும் பெஸ்தாரிநெட் திட்டம் வந்தது. ஆனால் அதனோடு தரப்பட்ட கற்றல் தளத்தை ஆசிரியரும் மாணவரும் மிகச் சொற்பமாகவே பயன்படுத்தினரென்று தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கை காட்டிற்று. 2019-ல் அத்திட்டம் முடிவுற்றது. 1912-ல் கட்டடம் வந்து ஆசிரியர் வராத கதையும், நூறாண்டு கழித்துக் கம்பி வந்து அதைக் கையாளும் பயிற்சி வராத கதையும் ஒன்றேபோல் இல்லையா?

2020 மார்ச் 18-ல் கொள்ளைநோய் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டபோது உண்மை வெட்டவெளிச்சமாயிற்று. கல்வி அமைச்சின் கணக்கெடுப்பில், நூற்றுக்கு 36.9 மாணவரிடம் எவ்விதக் கருவியும் இல்லையென்று தெரிய வந்தது. மடிக்கணினி வைத்திருந்தவர் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. அப்பனுடைய ஒரே கைப்பேசிக்கு மூன்று பிள்ளைகள் காத்திருந்த வீடுகள் எத்தனை! அப்பன் வேலைக்குப் போனால் பாடமும் அவரோடு போய்விடும். அன்று இரவு பகலாக உழைத்த ஆசிரியர்களை நாம் வணங்குகிறோம். ஆயினும் அவர்களுக்கு முன்கூட்டியே பயிற்சி அளித்திருந்தால், அந்த உழைப்பு இரட்டிப்புப் பலன் தந்திருக்கும்.

கருவியும் அறிவும்

கருவி கையில் இருப்பதே அறிவு என்று நினைப்பது பெரும் மயக்கம். படம் பார்க்கவும் விளையாடவும் மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரிகிறது. அதைக் கணினியறிவு என்பது, புத்தகத்தைத் தலையணையாக வைத்துப் படுத்தவனைப் படிப்பாளி என்பதற்கு ஒப்பாகும்.

நம் வீடுகளில் என்ன நடக்கிறதென்று பாருங்கள். ஓலையிலிருந்த பஞ்சாங்கம் காகிதத்துக்கு வந்து, காகிதத்திலிருந்து கைப்பேசிக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. ராகு காலம் ஒழிந்தபாடில்லை. இன்ன இலையைத் தின்றால் நீரிழிவு தீரும், இந்தச் செய்தியைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் நன்மை வரும் என்னும் புரட்டெல்லாம் வாட்ஸ்அப்பில் நொடிக்கு நொடி பறக்கின்றன. முன்பு ஒரு பூசாரி ஒரு கிராமத்தை ஏமாற்றினார். இன்று ஒரு பொய் ஒரு மணி நேரத்தில் நாடு முழுவதையும் ஏமாற்றுகிறது. போலீஸ் பேசுகிறேன், வங்கி பேசுகிறேன் என்று பயமுறுத்தி, ஆயுட்காலச் சேமிப்பைக் கறந்துவிடும் தொலைபேசி மோசடிக்கு ஆளானோர் பலர். செயற்கை நுண்ணறிவு என்னும் புதிய கருவியோ அழகான தமிழில் விடை எழுதித் தருகிறது. அதே அழகோடு, இல்லாத குறளை வள்ளுவர் தலையில் கட்டவும் செய்கிறது. குறள் அறிந்த ஆசிரியர் அதைக் கண்டுபிடிப்பார். அறியாத மாணவன் அதைப் பரீட்சைத் தாளில் எழுதுவான். ஆகவே கணினி வந்ததனால் ஆசிரியர் வேண்டியதில்லை என்பது தவறு. இப்போதுதான் அவர் முன்னிலும் அதிகமாகத் தேவைப்படுகிறார்.

தோட்டத்துக் கிராணி உத்தியோகத்தில் இருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். தோட்டங்களில் இன்று வெளிநாட்டுத் தொழிலாளரே மிகுதி. எஞ்சியுள்ள தமிழர் சிலர். முன்பு பெரட்டிலே பேர் கூப்பிட்டுச் செக்ரோலில் எழுதினோம். இப்போது குலைக் கணக்கும் வேலை நாளும் கணினியில் ஏறுகின்றன. சம்பளம் வங்கிக்குப் போகிறது. பேரேடு காகிதத்திலிருந்தபோது கண்ணால் கண்டு கேட்கலாம். பேரேடு கணினிக்குள் போய்விட்டபின், அதைத் திறந்து வாசிக்கத் தெரிந்தவரே, இத்தனை நாள் வந்தேன், இத்தனை நாள்தானே பதிந்திருக்கிறது என்று கேட்க முடியும். உரிமை என்பது படிக்கத் தெரிந்தவர் வாயிலேதான் பேசுகிறது. 2024 ஜனவரி 2-ல் சர்க்கார் ‘பாடு’ என்னும் தரவுத் தளத்தைத் திறந்து, மார்ச் 31-க்குள் ஒவ்வொருவரும் குடும்ப விவரத்தைப் பதியும்படி கேட்டபோது, பள்ளிக்கூடத்துப் பேரப்பிள்ளையை எதிர்பார்த்துக் காத்திருந்த பெரியவர்கள் பலர். தனது வருமானமும் அடையாள எண்ணும் எங்கே போகின்றன என்பதை அறியாமல் பிறர் கையில் கொடுப்பது, எழுதாத காகிதத்தில் கைநாட்டு வைப்பதற்குச் சமமன்றோ?

செய்ய வேண்டுவன

முதலாவது, ஆசிரியருக்குப் பயிற்சி. ஒருநாள் கூட்டமும் ஒரு சான்றிதழும் பயிற்சியாகா. ஆண்டு முழுதும் நேரம் ஒதுக்கி, கற்றவர் மற்றவருக்குக் கற்பிக்கும் ஏற்பாடு வேண்டும். இரண்டாவது, நம் பிள்ளைகளுள் பலர் ஆங்கில எழுத்தின் ஒலியைத் தட்டியே தமிழை வரவழைக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ் 99 முறையில் நேராகத் தமிழிலேயே எழுதப் பழக்க வேண்டும். தமிழ் எழுத்தின் கட்டுக்கோப்பே அதனால் மனத்தில் பதியும். மூன்றாவது, வந்த செய்தியை யார் சொன்னார், எப்போது சொன்னார், ஆதாரம் என்ன என்று சோதிக்கும் பாடம் ஒவ்வொரு வகுப்பிலும் இடம்பெற வேண்டும். எப்பொருள் யார் சொன்னாலும் ஆராய்ந்து பார் என்னும் பகுத்தறிவுப் பாடமே அது. நான்காவது, மாலை வேளையில் பள்ளியின் கணினி அறையைப் பெற்றோருக்கும் திறந்துவிட வேண்டும்.

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். காவடிக்கும் வாணத்துக்கும் ரதத்துக்கும் எங்கிருந்து வருகிறதோ, அங்கிருந்தே வரும். திருவிழாச் செலவில் பத்தில் ஒரு பங்கை ஒவ்வோர் ஊராரும் தம் தமிழ்ப் பள்ளிக்கென ஒதுக்கினால், கருவியும் வரும், பயிற்சியும் வரும். பள்ளி வாரியத்தாரும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரும் வரும் ஆண்டுக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவர வேண்டுகிறோம். அன்று கூலி வேலைக்கு வந்தவன் பிள்ளைக்கு எதற்குப் படிப்பு என்று கேட்டவர்களுக்கு நம் பாட்டன்மார் பிள்ளையைக் கொட்டகைக்கு அனுப்பிப் பதில் சொன்னார்கள். தமிழ்ப் பள்ளிப் பிள்ளைக்கு எதற்குக் கணினி என்று கேட்பவர்களுக்கு நாமும் பதில் சொல்ல வேண்டும்; அதைச் செயலில் சொல்ல வேண்டும்.