பாறை ஏறப் போகிறீர்களா? காரபினர் பூட்டைக் கவனியுங்கள்

தஞ்சோங் ரம்புத்தான் - குனோங் கோர்பு ஏறுவதற்காக நம் ஊர் வழியாக வருகிறவர்கள் அதிகம். 2,183 மீட்டர் உயரமுள்ள அந்த மலைக்குக் கால் பலமும் மூச்சுப் பலமும் வேண்டும். பாறையேறும் கருவிகள் வேண்டியதில்லை. ஆனால் மலையேறிப் பழகிய இளைஞர்களுக்கு அடுத்த ஆசை சுண்ணாம்புப் பாறைச் சுவரின் மேல்தான் வருகிறது. கிந்தா பள்ளத்தாக்கில் அப்படிப்பட்ட பாறைகளுக்குப் பஞ்சமில்லை. தைப்பூசத்துக்கு நாம் படியேறும் பத்துமலையின் மறுபக்கத்திலும் குவா டாமாய் என்ற பாறையேறும் இடம் உள்ளது. அங்கே போகுமுன் வாங்க வேண்டிய பொருள்களில் சிறியது காரபினர். தப்பாக வாங்கினால் உயிருக்கே ஆபத்து.

காரபினர் என்பது ஒரு பக்கம் கதவு வைத்த உலோக வளையம். கயிறு, இடுப்பில் கட்டும் ஹார்னஸ், பாறையில் பதித்த போல்ட் ஆகியவற்றை ஒன்றோடொன்று இணைப்பது அதுதான். ஒரே ஒரு வளையத்தை நம்பி ஓர் ஆள் தொங்கும் இடத்தில் பூட்டு உள்ள காரபினரையே போட வேண்டும். காரணம் அதன் மேல் பொறித்திருக்கும் எண்களிலேயே இருக்கிறது. இஎன் 12275 என்ற ஐரோப்பியத் தரவிதிப்படி, சாதாரண வகை காரபினர் கதவு மூடிய நிலையில் நீளவாக்கில் குறைந்தது 20 கிலோநியூட்டன் தாங்க வேண்டும். அதாவது ஏறக்குறைய 2,000 கிலோ எடை. கதவு திறந்துவிட்டால் அது தாங்க வேண்டிய அளவு 7 கிலோநியூட்டன் மட்டுமே. வளையம் திரும்பிக்கொண்டு குறுக்குவாக்கில் இழுபட்டாலும் அதே 7தான். ஒருவர் சற்று உயரத்திலிருந்து விழும்போது பல கிலோநியூட்டன் விசை உண்டாகும் என்பதால், 20க்கும் 7க்கும் உள்ள வித்தியாசம் சின்ன விஷயமல்ல. பூட்டின் வேலை கதவைத் திறக்க விடாமல் பிடித்து வைப்பது, அவ்வளவுதான்.

பூட்டுகளில் முதலாவது, கையால் திருகும் மரைப்பூட்டு. விலை குறைவு, பழுதாவதும் குறைவு. குவா தெம்புரோங் போன்ற குகைகளில் சேறு அப்பிக்கொண்டாலும் கழுவித் திருகிவிடலாம். இதன் குறை நம் மறதிதான். திருக மறந்தால் அது பூட்டில்லாத காரபினருக்குச் சமம். கயிறோ பாறையோ உரசி உரசி மரை தானாகக் கழன்றுவிடுவதும் உண்டு. ஆகையால் மரை கீழ்நோக்கி இறங்கிப் பூட்டும்படி மாட்டுவது வழக்கம். அதிர்வில் அசைந்தாலும் பூட்டும் பக்கமே நகரும்.

இரண்டாவது, கதவை விட்டதும் தானாகப் பூட்டிக்கொள்வது. இதில் இரண்டு அசைவில் திறப்பது, மூன்று அசைவில் திறப்பது என இரு ரகம். முதல் ரகத்தில் உறையைத் திருப்பி அழுத்தினால் போதும், கதவு திறந்துவிடும். ஓடும் கயிறு உறைமேல் உரசினால் அதே வேலையைக் கயிறே செய்துவிடக்கூடும். கயிறு உரசும் இடத்தில் இந்த ரகத்தை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மூன்று அசைவு ரகத்தில் முதலில் உறையைத் தூக்க வேண்டும் அல்லது ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். பிறகே திருப்ப முடியும். ஆகவே தற்செயலாகத் திறப்பது கடினம். கயிறு பிடித்துக் காப்பவர், அதாவது பிலே செய்பவர், இதைப் பயன்படுத்தலாம். ஆனால் இதிலும் ஒரு சிக்கல் உண்டு. செம்மண்ணோ குகைச் சேறோ உள்ளே போனால் ஸ்பிரிங் மந்தமாகி, கதவு முழுதாக மூடாமல் நின்றுவிடும். தானாகப் பூட்டியிருக்கும் என்ற நம்பிக்கையில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அடுத்து வடிவம். பேரிக்காய் போல ஒரு முனை அகன்றிருப்பதை ஹெச்எம்எஸ் என்பார்கள். அதன் மேல் வட்டத்துக்குள் ஹெச் என்ற எழுத்து இருக்கும். பிலே கருவி மாட்டவும், மன்டர் முடிச்சு போடவும் இதுவே தோது. கதவு திறந்த நிலையில் இதற்கான அளவு 6 கிலோநியூட்டன்தான் என்பதையும் மறக்க வேண்டாம். டி வடிவம் பாரத்தைக் கதவில்லாத முதுகுப் பக்கம் தள்ளுவதால், போல்ட்டில் தன்னைக் கட்டிக்கொள்ள ஏற்றது. பிலே செய்யும்போது காரபினர் சுழன்று குறுக்கே நிற்கிற தொல்லை அடிக்கடி வரும். அதைத் தடுக்க உள்ளே சின்னக் கம்பி வைத்த ஹெச்எம்எஸ் ரகங்கள் கிடைக்கின்றன. பணம் இருந்தால் அதையே வாங்கலாம்.

புதிதாகத் தொடங்குபவருக்கு ஒரு ஹெச்எம்எஸ் மரைப்பூட்டும் இரண்டு டி வடிவ மரைப்பூட்டும் போதும் என்பது என் கருத்து. மூன்று அசைவு ரகத்தைக் கை பழகிய பிறகு வாங்கலாம். பசார் மாலாமில் தண்ணீர்ப் புட்டி, சாவிக்கொத்து மாட்டுவதற்கு விற்கும் வண்ண வளையங்களை இதோடு சேர்க்கவே கூடாது. தாங்கும் அளவும் தரவிதி முத்திரையும் பொறிக்காத எதையும் நம்பி ஏறாதீர்கள்.

இன்னொன்று. காரபினர் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் பாறை உறுதியாக இருக்க வேண்டும். 1973இல் ஈப்போ குனோங் செரோவில் பாறை பெயர்ந்து விழுந்து ஏறக்குறைய 40 பேர் மாண்டதை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சுண்ணாம்பு மலை என்றால் கண்ட இடத்தில் ஏறாமல், அனுபவசாலிகள் போல்ட் பதித்துப் பராமரிக்கும் பாதையில், தலைக்கவசத்தோடு ஏறுங்கள்.

பயன்படுத்திய பின் வெதுவெதுப்பான நீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, காற்றாட உலர்த்த வேண்டும். தேங்காயெண்ணெய் விடாதீர்கள், மண் ஒட்டிக்கொள்ளும். உலர்ந்த மசகே நல்லது. கயிறு அறுத்து ஆழமான பள்ளம் விழுந்தாலோ, விரிசல் தெரிந்தாலோ, கதவு தானாக மூடாவிட்டாலோ தூக்கி எறிந்துவிடலாம். பாரம் தொங்கும்போது இறுக்கிய மரை பிறகு கழலாமல் அடம்பிடித்தால் இடுக்கியைத் தேட வேண்டாம். மறுபடி பாரத்தை ஏற்றித் திருகினால் பெரும்பாலும் கழன்றுவிடும். ஒவ்வொரு முறையும் தரையை விட்டுக் கிளம்புமுன் பூட்டிய கதவை விரலால் அழுத்திப் பாருங்கள். உங்களுடையதைக் கூட்டாளியும், கூட்டாளியுடையதை நீங்களும்.