மேரி கோம்: ஆறு தங்கங்களும் மாத்தளையில் ஓயாத ஒரு வாக்குவாதமும்

2018 சித்திரைப் புத்தாண்டுக்கு இன்னும் மூன்று நாள். மாத்தளை நகரில் நான் வழக்கமாக முடி வெட்டும் சலூனில் கத்தரிக்கோல் நின்றுபோயிருந்தது. சலூன்காரர் தன் கைத்தொலைபேசியைக் கண்ணாடிக்கு முன்னால் சாய்த்து வைத்திருந்தார். ஏழெட்டுப் பேர் சுற்றி நின்று பார்த்தோம். அவுஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் நகரில் பொதுநலவாய விளையாட்டு விழா நடந்துகொண்டிருந்தது. பெண்கள் 48 கிலோ பிரிவு குத்துச்சண்டை அரையிறுதியில் இலங்கையின் அனுஷா கொடித்துவக்குவும் இந்தியாவின் மேரி கோமும் மேடையில் நின்றார்கள்.

பக்கத்துக் கடை சிங்கள முதலாளி அனுஷாவுக்காகக் கத்தினார். எங்களில் சிலர் மேரிக்கு. "நம்ம நாட்டுப் புள்ள அடி வாங்குது, நீங்க சிரிக்கிறீங்களேடா" என்று வயதான ஒருவர் திட்டினார். கிரிக்கெட்டிலும் இதே சங்கடம் எங்களுக்கு உண்டு. அதை இங்கே விரிக்கத் தேவையில்லை. ஐந்து நடுவர்களும் மேரிக்கே கொடுத்தார்கள். அனுஷாவுக்கு வெண்கலம் கிடைத்தது. குத்துச்சண்டையில் அரையிறுதியில் தோற்கும் இருவருக்குமே வெண்கலம் உண்டு; மூன்றாம் இடத்துக்கென்று தனிப் போட்டி பொதுவாக வைப்பதில்லை. அந்த விழாவில் இலங்கை பெற்ற ஆறு பதக்கங்களில் மூன்று குத்துச்சண்டையில் வந்தவை.

புத்தாண்டு தினமான ஏப்ரல் 14 அன்று காலை வட அயர்லாந்தின் கிறிஸ்டினா ஓஹாராவையும் வென்று மேரி தங்கம் எடுத்தார். அப்போது அவருக்கு வயது 35, மூன்று பிள்ளைகளின் தாய். அன்று சலூனில் தொடங்கிய வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. அவர் உண்மையிலேயே அவ்வளவு பெரிய ஆளா? பெரிய ஆள் என்றால், எதை வைத்துச் சொல்வது?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடி இவ்வளவு காலமாக நான் வாசித்ததையும் பார்த்ததையும் கேட்டதையும்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் விபரம். மாங்டே சுங்நெய்ஜாங் மேரி கோம் வடகிழக்கு இந்தியாவின் மணிப்பூரைச் சேர்ந்தவர். சுராசந்த்பூர் மாவட்டத்தில் உள்ள கங்காதெய் என்ற கிராமம். பெற்றோர் விவசாயக் கூலிகள். 1998 பாங்கொக் ஆசிய விளையாட்டு விழாவில் டிங்கோ சிங் என்ற மணிப்பூர்க்காரர் குத்துச்சண்டையில் தங்கம் வென்றார். அந்த வெற்றியைப் பார்த்துத்தான் மேரியும் கையுறை மாட்ட ஆசைப்பட்டார். டிங்கோ மெய்தெய் இனத்தவர். இம்பாலில் மேரிக்கு முதலில் கற்றுக்கொடுத்த கோசானாவும் மெய்தெய். மேரியோ கோம் என்ற மிகச் சிறிய பழங்குடியைச் சேர்ந்தவர். இந்த விபரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பெண்களுக்கான உலக சம்பியன்ஷிப் 2001இல் அமெரிக்காவின் ஸ்க்ரான்டன் நகரில்தான் முதல்முதலாக நடந்தது. அதில் மேரிக்கு வெள்ளி. 2002 துருக்கியில் தங்கம். 2005 ரஷ்யாவில், 2006 புதுடில்லியில், 2008 சீனாவில், 2010 பார்படோசில் என்று தொடர்ந்து தங்கம். 2007இல் இரட்டைக் குழந்தைகள் பிறந்த பிறகு வந்தது 2008 தங்கம். எட்டு வருட இடைவெளிக்குப் பிறகு 2018 நவம்பரில் புதுடில்லியில் ஆறாவது தங்கம். அதோடு அயர்லாந்தின் கேட்டி டெய்லரின் ஐந்து தங்கங்களைத் தாண்டி, கியூபாவின் பெலிக்ஸ் சவோனுக்குச் சமமாக வந்தார். 2019இல் ஒரு வெண்கலம். உலக சம்பியன்ஷிப்பில் மொத்தம் எட்டுப் பதக்கங்கள்.

இவ்வளவையும் அடுக்கினாலும் சலூன்காரர் அசைவதில்லை. "அந்தக் காலத்துல போட்டிக்கு யாரு இருந்தா?" என்பார். அவர் வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. 2002இல் பெண்கள் குத்துச்சண்டை உலக அளவில் ஒரு குழந்தை. பல நாடுகளில் அணியே இல்லை. மேரி வென்ற 45, 46, 48 கிலோப் பிரிவுகள் லண்டனிலும் ரியோவிலும் ரோக்கியோவிலும் ஒலிம்பிக்கில் இல்லை.

ஆனால் அந்த வாதத்துக்கு லண்டன் பதில் சொல்கிறது என்பது என் கருத்து. பெண்கள் குத்துச்சண்டை 2012 லண்டன் ஒலிம்பிக்கில்தான் முதல் தடவை சேர்க்கப்பட்டது. மூன்றே மூன்று எடைப் பிரிவுகள். ஆகக் குறைந்தது 51 கிலோ. 46, 48 கிலோவில் பழகிய, ஐந்தடி இரண்டு அங்குலம் அளவான ஒரு பெண் எடையைக் கூட்டிக்கொண்டு தன்னைவிட உயரமான, கை நீளமானவர்களோடு மோத வேண்டியிருந்தது. அப்படிப் போய் வெண்கலம் எடுத்தார். அரையிறுதியில் அவரை 11-6 என்று வென்ற பிரித்தானியாவின் நிக்கோலா ஆடம்ஸ்தான் தங்கம் வென்றவர். எனக்குக் கேட்டால், ஆறு தங்கங்களில் சிலவற்றைவிட அந்த ஒரு வெண்கலம் கனமானது.

அவருடைய ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இளம் வயதில் முன்னேறிப் போய் அடித்துக்கொண்டே இருந்தவர், வயது ஏற ஏறக் காத்திருக்கப் பழகினார். 2018 இறுதிப்போட்டியின் காணொளியைப் பாருங்கள். எதிரில் நின்ற உக்ரைனின் ஹன்னா ஒகோட்டா அவரைவிடப் பத்து வயதுக்கு மேல் இளையவர், உயரமானவர். மேரி எட்டாத தூரத்தில் நின்று, எதிராளி கையை நீட்ட விட்டு, அந்தக் கை திரும்பும் இடைவெளியில் உள்ளே புகுந்து இரண்டு மூன்று குத்து வைத்துவிட்டு வெளியே வந்துவிடுகிறார். நின்று அடிவாங்கும் வீரத்தை ரசிக்கிறவர்களுக்கு இது சப்பென்று இருக்கும். முன்பு பெண்களுக்கு இரண்டு நிமிடச் சுற்றுகள் நான்கு. 2017க்குப் பிறகு மூன்று நிமிடச் சுற்றுகள் மூன்று. முப்பத்தைந்து வயதில் மூன்று நிமிடம் பாய்ந்து பாய்ந்து அடிக்க மூச்சு போதாது. அந்தக் கணக்கை அவர் நன்றாகவே போட்டிருந்தார்.

புள்ளி முறையும் ரசிகர்களைக் குழப்பும் ஒன்று. லண்டனில் 11-6 என்றால், விழுந்ததாக நடுவர்கள் இயந்திரத்தில் அழுத்திய குத்துகளின் எண்ணிக்கை. 2018இல் 5-0 என்றால் ஐந்து நடுவரும் அவரே வென்றார் என்று தீர்ப்பளித்ததாக அர்த்தம். குத்துக் கணக்கு அல்ல. இடையில் 2013இல் முறை மாறியது. இப்போது ஒவ்வொரு நடுவரும் ஒவ்வொரு சுற்றிலும் மேலோங்கியவருக்குப் பத்தும் மற்றவருக்கு ஒன்பதோ குறைவோ கொடுக்கிறார்.

இது தெரியாததால்தான் 2021 ரோக்கியோ ஒலிம்பிக்கைப் பற்றி இன்றும் சண்டை. கொலம்பியாவின் இங்ரிட் வலென்சியாவை மேரி அதற்கு முன் இரண்டு தடவை வென்றிருந்தார். ரோக்கியோவில் மூன்று சுற்றில் இரண்டை மேரி எடுத்தார், ஆனாலும் 3-2 என்று தோற்றார். தான் வென்றதாகவே மேரியும் முதலில் நினைத்திருந்தார். "ரெண்டு ரவுண்டு ஜெயிச்சவ எப்படித் தோப்பா? ஏமாத்திட்டாங்க" என்று சலூன்காரரின் அக்கா மகள் இப்போதும் கோபிப்பாள். ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்து வரும் பாடசாலை மாணவி. மேரியைப் பார்த்துத்தான் அவள் இந்த விளையாட்டையே கவனிக்கத் தொடங்கினாள்.

அவளுக்காக ஒருநாள் பழைய கொப்பியில் கணக்குப் போட்டுக் காட்டினேன். முதல் சுற்றில் நான்கு நடுவர்கள் வலென்சியாவுக்கு, ஒருவர் மேரிக்கு. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் மூவர் மேரிக்கு, இருவர் வலென்சியாவுக்கு. ஐந்து நடுவர், மூன்று சுற்று, பதினைந்து தீர்ப்பு. எட்டு வலென்சியாவுக்கு, ஏழு மேரிக்கு. சுற்றுகளை எண்ணி வெற்றி தருவதில்லை. ஒவ்வொரு நடுவரின் தாளிலும் மொத்தம் யாருக்குக் கூட என்றுதான் பார்ப்பார்கள். முதல் சுற்றை அவ்வளவு மோசமாக விட்டதுதான் தவறு. அவள் கணக்கை ஏற்றுக்கொண்டாள். கோபத்தை விடவில்லை.

நிகத் சரீன் விடயத்தில் மேரியின் பக்கம் பேச எனக்கு வாய் வரவில்லை. தெலங்கானாவின் நிசாமாபாத்தைச் சேர்ந்த நிகத், 2019இல் 51 கிலோவில் தனக்கும் ஒரு வாய்ப்பு வேண்டும் என்று கேட்டார். தேர்வுப் போட்டி வைக்காமலே மேரியை ஒலிம்பிக் தகுதிச் சுற்றுக்கு அனுப்பச் சம்மேளனம் யோசித்தபோது, விளையாட்டு அமைச்சருக்குப் பகிரங்கமாகக் கடிதம் எழுதினார். டிசம்பர் 28ஆம் திகதி டில்லியில் தேர்வு நடந்தது. மேரி 9-1 என்று வென்றார். வென்றவர் நிகத்தோடு கைகுலுக்காமல் இறங்கிப் போனார். அந்தக் கணத்தைப் பார்த்த எவருக்கும் வாய் கசக்கும். தேர்வு கேட்டது குற்றமல்ல. தானே கிராமத்தில் இருந்து எவருடைய சிபாரிசும் இல்லாமல் வந்தவர், பின்னால் வந்த பெண்ணுக்குக் கதவைத் திறந்து விட்டிருக்கலாம். நிகத் 2022இலும் 2023இலும் உலக சம்பியன் ஆனார்.

2022 ஜூனில், பொதுநலவாய விளையாட்டுக்கான தேர்வில் முதல் சுற்றிலேயே மேரியின் முழங்கால் திரும்பியது. எழுந்து நின்று தொடரப் பார்த்தார், முடியவில்லை. அவருக்கு எதிரே நின்ற நீத்து பர்மிங்காமில் தங்கம் வென்றார்.

இதுவரைக்கும் சொன்னது மேடைக்குள் நடந்த கதை. எங்கள் வாக்குவாதம் உண்மையில் சூடு பிடித்தது மேடைக்கு வெளியே நடந்ததால்.

2023 மே 3ஆம் திகதி மணிப்பூரில் மெய்தெய்களுக்கும் குக்கி-ஸோ மக்களுக்கும் இடையே வன்முறை வெடித்தது. மேரி பிறந்த சுராசந்த்பூரும் அதை ஒட்டிய பகுதிகளும்தான் முதலில் எரிந்தன. இருநூறுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர், பல்லாயிரக்கணக்கானோர் முகாம்களுக்குப் போனார்கள். மறுநாள் அதிகாலையே மேரி பிரதமரைக் குறிப்பிட்டு, தன் மாநிலம் எரிகிறது, உதவுங்கள் என்று எழுதினார். ஓகஸ்ட் இறுதியில் உள்துறை அமைச்சருக்கு எழுதிய கடிதத்தில், மோதும் இரு தரப்புக்கும் நடுவே சிதறிக் கிடக்கும் கோம் கிராமங்களைக் காப்பாற்றும்படி கேட்டார். எந்தப் பக்கத்தையும் குற்றம் சொல்லவில்லை.

சலூனுக்கு எதிரே தேநீர்க் கடை வைத்திருக்கும் அக்காவுக்கு இது போதவில்லை. அவர் குடும்பம் 1977 கலவரத்தில் மாத்தளைத் தோட்டத்தை விட்டுக் கிளிநொச்சிக்குப் போனது. 2009இல் மெனிக் பாம் முகாம். பிறகு திரும்பி இங்கே. "ஆறு தங்கம் வச்சிருக்கு. ஆறு வருசம் பாராளுமன்றத்துல இருந்துச்சு. அது சத்தம் போட்டா டில்லிக்குக் கேக்காதா? நமக்கு அப்படி ஒரு ஆள் இருந்திருந்தா" என்று நிறுத்திவிடுவார். அந்தப் பாதி வாக்கியத்துக்கு முன்னால் நான் ஒருபோதும் பதில் சொன்னதில்லை. மேரி 2016 முதல் 2022 வரை மாநிலங்களவையில் நியமன உறுப்பினராக இருந்தது உண்மைதான். வன்முறை வந்தபோது அந்தப் பதவி முடிந்திருந்தது. பதக்கங்களும் விருதுகளும் மட்டும் கையில் இருந்தன.

ஆனாலும் அக்காவோடு நான் முழுக்க உடன்படவில்லை. கற்றுக்கொடுத்தவர்கள் ஒரு பக்கம். பிறந்த மாவட்டத்தில் பெரும்பான்மையாக இருப்பவர்கள் மறுபக்கம். சொந்தச் சனம் இரண்டுக்கும் நடுவே சில கிராமங்களில். ஒரு பெயரை உரக்கச் சொன்னால் அதற்கான விலையைச் சொன்னவர் மட்டும் கொடுக்க மாட்டார். வன்னிக்குப் போன மலையகச் சனத்துக்கு இது தெரியும். அங்கே நாங்கள் 'தோட்டத்தான்', படைக்குப் 'புலி'. யாருடைய சண்டை என்று கேட்காமலே இரண்டு பக்கமும் எங்களை எண்ணிக் கொண்டது. நான் இருந்த முகாம் வலயத்தில் அதிகம் பேசியவர்கள் ஊரில் இழப்பதற்கு எவரும் மிஞ்சாதவர்கள்தான்.

மேரி இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாமா? இருக்கலாம். தன் சமூகத்துக்காக எழுதிய அதே வலுவோடு, கொல்லப்பட்ட மற்றவர்களுக்காகவும் எழுதியிருந்தால் எனக்கு நிறைவாக இருந்திருக்கும். ஆனால் கைகுலுக்காமல் போனதை நான் எண்ணும் தட்டில் இதைப் போட என்னால் முடியவில்லை. அது கர்வம். இது பயம் என்றுதான் நினைக்கிறேன், அந்தப் பயத்துக்குக் காரணமும் இருந்தது.

ஒரு சின்ன விடயம். 2014இல் பிரியங்கா சோப்ரா நடித்து அவர் பெயரிலேயே வந்த இந்திப் படத்தை மாத்தளையில் குறுந்தட்டில் பார்த்தவர்கள் பலர். மணிப்பூரில் அது திரையிடப்படவில்லை. இந்திப் படங்களை அங்கே ஆயுதக் குழுக்கள் 2000ஆம் ஆண்டிலிருந்தே தடுத்து வைத்திருந்தன. தன் கதையைத் தன் ஊர்ச் சனம் திரையரங்கில் பார்க்க முடியாத ஒருவரிடம், ஊரைப் பற்றி ஏன் தாராளமாகப் பேசவில்லை என்று நாம் கேட்கிறோம்.

போன மாதம் சலூனுக்குப் போனபோது அந்த மாணவி வந்திருந்தாள். ரோக்கியோவை விட்டுவிட்டு இப்போது 2019 தேர்வுப் போட்டியைப் பார்க்கிறாள். கடைசி மணி அடித்த பிறகு வருகிற பகுதியை மூன்று தடவை ஓடவிட்டாள். "நிகத் கையை நீட்டுறா, பாருங்க" என்றாள். சலூன்காரர் கத்தரிக்கோலை வைத்துவிட்டு வந்து குனிந்து பார்த்தார். "9-1க்கு ஜெயிச்சவளுக்கு எதுக்கு இவ்வளவு கோவம்?" என்று கேட்டார், இத்தனை வருடத்தில் முதல் தடவையாக மேரியின் குத்தைப் பற்றி எதுவும் சொல்லாமல்.