கல்லில் நின்ற பெயர்கள்



ஆகஸ்டுத் திங்கள் 15ஆம் நாள் காலையில், விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பள்ளிகள்தோறும் கொடி ஏறுகிறது, மிட்டாய் வழங்கப்படுகிறது, பகலுக்குள் கூட்டம் கலைந்துவிடுகிறது. இவ்வாறு வந்துபோன விடுதலை விழாக்கள் மண்மீது விட்டுச்சென்ற நினைவுச் சின்னங்களைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

2021ஆம் ஆண்டு விடுதலை நாளன்று சென்னைக் காமராசர் சாலையில் ஒரு நினைவுத்தூண் திறக்கப்பெற்றது. கடற்கரைக்குச் செல்வோர் அனைவரும் அதனைக் காண்பர். ஆயினும் என் மனம் அதனினும் சிறிய ஒரு கல்லையே நாடுகிறது. 1972இல் விடுதலையின் வெள்ளி விழா நடந்தபோது, தில்லிச் செங்கோட்டையில் தியாகிகளுக்குத் தாமிரப் பட்டயங்கள் அளிக்கப்பெற்றன. அதனோடு, நாடெங்கும் வட்டார வளர்ச்சி அலுவலகங்களில் நினைவுக் கற்கள் நாட்டி, அவ்வவ்வட்டாரத்துத் தியாகிகளின் பெயர்களைப் பொறிக்கவும் ஏற்பாடாயிற்று. விழுப்புரமும் திண்டிவனமும் அன்று தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தன. விழுப்புரம் தனி மாவட்டமானது 1993இல்தான். பெருநகரத்துச் சிலை நாடறிந்த தலைவரைக் காட்டும். ஒன்றிய அலுவலகத்துக் கல்லோ அடுத்த தெருக்காரரைக் காட்டும். வரலாறு படிக்கும் மாணவனுக்குப் பின்னதே பெரிய ஆசான் என்பேன்.

பெயர் நின்று, ஆள் மறைந்துபோவதும் உண்டு. சென்னையில் ஓமந்தூரார் என்றவுடன் இன்று பலருக்கும் நினைவில் எழுவது, 2014 முதல் அரசினர் தோட்டத்தில் இயங்கும் பெரிய மருத்துவமனை. அது யாருடைய பெயர்? திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில், 1895இல், வேளாண் குடும்பத்தில் பிறந்த இராமசாமி ரெட்டியாரின் ஊர்ப்பெயர். நாடு விடுதலை பெற்ற நாளில் சென்னை மாகாணத்தின் ஆட்சித் தலைவர் அவரே. (அப்பதவிக்கு அந்நாளில் பிரதமர் என்றே பெயர், இதைக் கேட்டு மாணவர் வியப்பதுண்டு.) இரண்டே ஆண்டுகள் ஆண்டார். ஆனால் என்ன ஆண்டுகள்! அரிசனங்களுக்கு அடைத்திருந்த கோயிற் கதவுகளைத் திறந்த சட்டமும், தேவதாசி முறையை ஒழித்த சட்டமும் 1947இல் வந்தன. ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் வந்தது. 1949இல் பதவியை விட்டார். பின்னர் வடலூரில் வள்ளலார் நெறியில் தொண்டு செய்து, 1970இல் மறைந்தார். அவர் இயற்றிய சட்டங்களைவிடச் சிறந்த நினைவுச் சின்னம் அவருக்கு வேறு உண்டோ?

முதலமைச்சராக இருந்தவரை நூல்களில் தேடலாம். கல்லில் உள்ள ஏனையோரை எங்கே தேடுவது? கல் பெயரைச் சொல்லும். அவர் எந்தப் போராட்டத்தில் சிறை சென்றார், எத்தனை மாதம் இருந்தார், அந்நாளில் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்பதைச் சொல்லாது. சொல்லக்கூடியவர் அவருடைய மக்களும் பேரப்பிள்ளைகளுமே. அப்பேரப்பிள்ளைகளுக்கே இப்போது தலை நரைத்துவிட்டது.