திண்ணையும் வீடும் தந்த கணக்கு

கணக்கு என்றவுடன் முகம் வாடும் சிறுவர் சிறுமியர் இன்று எத்தனையோ இல்லங்களில் இருக்கின்றனர். "எங்களுக்கே கணக்கு வராது; பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?" என்று பெற்றோரும் கையை விரிக்கின்றனர். இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் நம் ஊர்ப் பிள்ளைகள் கணக்கை எவ்வாறு கற்றனர்? அதில் வீட்டாரின் பங்கு யாது? மணவூரையும் திருத்தணியையும் சூழ்ந்த நம் பகுதியை மனத்திற் கொண்டு, இவ்வினாக்களுக்கு விடை காண முற்படுகிறேன்.

1822-ஆம் ஆண்டில் சென்னை மாகாண ஆளுநராயிருந்த சர் தாமஸ் மன்றோ, மாகாணமெங்கும் இருந்த நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்குமாறு மாவட்ட ஆட்சியர்களைப் பணித்தார். திருத்தணிப் பகுதி அந்நாளில் வடஆர்க்காட்டு மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. 1826-இல் மன்றோ எழுதிய குறிப்பின்படி, மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கரும் இருந்தனர். அக்குறிப்பில் நம் கருத்தைக் கவரும் செய்தி மற்றொன்றும் உண்டு. சென்னையில் பள்ளி சென்றோர் 5,523 பேர்; வீட்டிலேயே கற்றோரோ 26,000-க்கும் மேற்பட்டோர் என்று அறிவிக்கப்பட்டது. இத்தொகையில் பிழை இருக்கலாம் என்று மன்றோவே ஐயுற்றார். ஆயினும் உறவினரிடமும் தனி ஆசிரியரிடமும் வீட்டில் கற்றோர் பலர் என்பதை அவர் ஏற்றுக்கொண்டார். ஆகவே, பிள்ளைக்குக் கற்பிப்பது பள்ளியின் வேலை மட்டுமே என்னும் எண்ணம் நம் நாட்டில் பிற்காலத்தில் வந்தது எனலாம்.

இனித் திண்ணைப் பள்ளிக்குள் சென்று பார்ப்போம். பிள்ளைகள் மணலைப் பரப்பி, விரலால் எழுதி, எழுதியதை உரக்கச் சொல்வர். கண், கை, செவி, நா ஆகிய நான்கும் ஒருங்கே உழைக்கும். மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோருக்குச் சொல்லிக்கொடுப்பான். சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்டுரு பெல் என்னும் பாதிரியார், நாட்டுப் பள்ளியில் மணலில் எழுதும் பிள்ளைகளைக் கண்டு அம்முறையைத் தம் பள்ளியில் கையாண்டார். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையையும் அங்கே வளர்த்தார். 1797-இல் அவர் இதனைப் பற்றி இலண்டனில் நூல் வெளியிட, 'சென்னை முறை' என்னும் பெயரால் அது இங்கிலாந்திலும் பரவிற்று.

திண்ணையிற் கற்ற பாடங்களின் பெயர்களே அவற்றின் இயல்பைக் காட்டும். பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாற்று என்பன அவை. பொன்னும் நெல்லும் நிலமும் இல்லாத கணக்கு அங்கே இல்லை. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. இதைப் பள்ளியில் ஒப்பித்த பிள்ளை, வீட்டில் அன்னை அரிசி அளக்கும்போது அதனையே கண்ணாற் கண்டது. ஆழாக்கு என்பது அரைக்கால் படி என்று அறிந்த குழந்தைக்கு எட்டில் ஒரு பங்கு என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை. ரூபாய்க்கு 16 அணா இருந்த காலத்தில், மாகாணி ரூபாய் என்றால் ஓர் அணா என்பதைக் கடைத்தெருவே கற்பித்தது. எழுத்தறியாத தாயும் இவ்வகையில் இரண்டாவது ஆசிரியையாக விளங்கினாள்.

பழமையைப் புகழும்போது அதன் குறையை மறைத்தல் நேர்மையன்று. மன்றோ தொகுத்த கணக்கில் பெண் மாணாக்கர் 4,540 பேரே. தாழ்த்தப்பட்டோர் என ஒதுக்கப்பட்ட குலங்களின் பிள்ளைகளுக்குத் திண்ணை பெரும்பாலும் எட்டாதிருந்தது. பிரம்படியும் உண்டு; பொருளுணராத மனப்பாடமும் உண்டு. இவை மீண்டும் வரவேண்டும் என்று எவரும் விரும்பார்.

1957 ஏப்ரல் முதல் நாள் புதிய நாணய முறை வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கிலோவும் லிட்டரும் வந்தன. பத்துப் பத்தாக ஏறும் இம்முறை எளியது. நாடு முழுவதற்கும் பொதுவானது. ஆனால் படியும் உழக்கும் மறைந்தபோது, வீட்டில் பிள்ளையோடு அளந்தும் எண்ணியும் பேசும் வழக்கமும் அவற்றுடன் தேய்ந்தது. கணக்கு ஏட்டுக்குள் ஒடுங்கியது. இழப்பு இதுவே என்பது என் கருத்து.

சிறு குழந்தை எண்ணைக் கற்பது படிப்படியாக நிகழ்கிறது. ஐந்து புளியங்கொட்டைகளை எண்ணி முடித்த குழந்தையை "எத்தனை?" என்று கேட்டால், சில வேளை அது மீண்டும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கும். கடைசியாகச் சொன்ன எண்ணே மொத்தம் என்னும் உண்மை அதற்கு இன்னும் புலப்படவில்லை. அது அறியாமையன்று, வளர்ச்சியின் ஒரு நிலை. பின்னர்ப் பத்தைக் கட்டாகக் காணும் திறன் வரும். இருபது, முப்பது என்னும் பெயர்கள் இரு பத்து, மூன்று பத்து என்று தாமே சொல்லித் தருகின்றன. தொண்ணூறு மட்டும் நூறு என்னும் ஒலியைத் தாங்கி நிற்பதால் குழந்தை அங்கே தடுமாறுவது இயல்பு. எல்லைப்புறமாகிய நம் பகுதியில் தெலுங்கு பேசும் இல்லங்களும் பல. 1960 ஏப்ரல் முதல் நாளில் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோதும், வீட்டு மொழிகள் இரண்டும் நிலைத்தன. அவ்வில்லத்துக் குழந்தை 'ஒகட்டி, ரெண்டு' என்று எண்ணினால் தடுக்க வேண்டாம். எண் உள்ளத்தில் ஊன்றியபின் பெயர் எம்மொழியிலும் வரும்.

பெற்றோர் செய்யத்தக்கது அரிதன்று. திருத்தணி மலைக்கு 365 படிகள் உண்டென்பர். குழந்தையோடு ஏறும்போது பத்துப் படிக்கு ஒரு கூழாங்கல்லைக் கையில் சேர்த்துக்கொள்ளச் செய்யுங்கள். உச்சியில் 36 கற்களும் எஞ்சிய ஐந்து படிகளும் இருக்கும். பத்திலக்கத்தின் பொருள் அதன் கையிலேயே கிடக்கும். பல்லாங்குழியின் 14 குழிகளில் ஐந்தைந்தாக இட்டால் 70 சோழிகள். பெருக்கல் வாய்பாடு விளையாட்டாகிவிடும். ஒரு தோசையை நான்காக்கி, 'முக்கால் பங்கு எடுத்துக்கொள்' என்று சொல்லுங்கள். தவறான விடை வந்தால் அதட்டாது, "எப்படிக் கண்டாய்?" என்று வினவுங்கள். குழந்தை தன் வழியைச் சொல்லும்போதே பெரும்பாலும் பிழையைத் தானே காணும்.

2022-இல் தமிழக அரசு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தை இதே திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கியது. செயல்வழி கற்பிக்கும் அத்தகைய முயற்சிகள் பள்ளியில் நடைபெறும். வீடு அதற்குத் துணை நிற்றல் வேண்டும். மாணவ நண்பர்களே! உங்கள் இல்லத்திலும் சிறு தம்பி தங்கையர் இருப்பர். பழைய சட்டாம்பிள்ளையின் பிரம்பை விட்டுவிட்டு, அவனது பொறுப்பை மட்டும் நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.