கருவியை ஆக்கிய கருவி

சுத்தியல் செய்வதற்கும் ஒரு சுத்தியல் வேண்டும். அவ்வாறாயின் முதற் சுத்தியலைச் செய்தது எது? கணினியின் வரலாற்றிலும் இவ்வினா உண்டு. நேயர்களே, அதனை இன்று சிறிது ஆராய்வோம்.

கணினி அறிந்தது பொறிமொழி ஒன்றே. மனிதர் எழுதும் நிரலைப் பொறிமொழிக்கு மாற்றித் தருவதும் ஒரு நிரலே. அதற்குத் தொகுப்பி என்று பெயர். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிச்சி சி மொழியை உருவாக்கினார். அதுவும் கென் தாம்சன் அமைத்த பி மொழியிலிருந்து வளர்ந்ததே. 1987இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் ஜி.சி.சி. என்னும் தொகுப்பியை, எவரும் படித்துத் திருத்தும் உரிமையோடு வெளியிட்டார். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தமது லினக்ஸை அதனைக் கொண்டே ஆக்கினார்.

பிறர் கட்டிய வீட்டில் குடியிருக்க மனமின்றித் தாமே கட்ட விழைவோர் எக்காலத்தும் உண்டு. அவர்களுக்கு வழிகாட்டியது, 1999இல் கெரார்டு பீக்மன்ஸ் வெளியிட்ட 'லினக்ஸ் ஃப்ரம் ஸ்கிராட்ச்' என்னும் நூல். முன்பே உள்ள ஒரு லினக்ஸின் தொகுப்பியைக் கொண்டு புதிய கருவிகளைச் செய்துகொள்ள வேண்டும். பின்னர்ப் பழைய வீட்டின் கதவை அடைத்துவிட்டு, அக்கருவிகளால் புதிய வீட்டை எழுப்ப வேண்டும். இதுவே அந்நூல் கூறும் முறை.

வீடு எழுந்தபின் நிரல்மொழிகளைக் குடியேற்றுதல் அடுத்த பணி. பைத்தான் எளிதில் வந்து சேரும். அதன் பொருள்விளக்கி சி மொழியில் எழுதப்பட்டது. ரஸ்ட் அத்தகையதன்று. அதன் முதல் தொகுப்பி ஓகேமல் மொழியில் அமைந்தது. 2011இல் ரஸ்ட் மொழியிலேயே எழுதிய தொகுப்பி தன்னைத் தானே தொகுத்துக்கொண்டது. அன்று முதல் முந்தைய பதிப்பே அடுத்த பதிப்பை ஈன்று வருகிறது. ஆதலால் அனைத்தையும் தம் கையால் கட்டியவரும், ரஸ்டைச் சேர்க்கும்போது பிறர் முன்பே பொறிமொழியில் ஆக்கி வைத்த தொகுப்பியைப் பெற்றே தொடங்குவது வழக்கம்.

இதனால் வரும் கேடு யாது? 1984இல் வெளியான தமது டூரிங் பரிசு உரையில் தாம்சன் அதனை விளக்கினார். தொகுப்பியில் ஒரு வஞ்சகத்தைப் புகுத்திவிட்டால், அது தான் ஆக்கும் அடுத்த தொகுப்பியிலும் அவ்வஞ்சகத்தை ஒளித்து வைக்கும். மூலநிரலை வரிவரியாகப் படித்தாலும் குற்றம் தென்படாது. ஏனெனில் குற்றம் நிரலில் இல்லை, அதனை ஆக்கிய கருவியில் இருக்கிறது.

இதற்கு மாற்றுத் தேடியோரும் உளர். 2023இல் குனு கீக்ஸ் குழுவினர் தம் மென்பொருள் வரிசையின் அடிவேரை 357 பைட்டு அளவுள்ள ஒரு சிறு நிரலாகச் சுருக்கினர். அவ்வரிசையை இயக்க வேறு கருவிகள் வேண்டும் என்பது உண்மையே. ஆயினும் அந்த விதையை ஒருவர் அமர்ந்து முழுதும் படித்து ஆராய்ந்துவிடலாம்.

மாணவர்களே, முன்னோர் கருவியைத் தொடாமல் எவரும் எதனையும் ஆக்கியதில்லை. கடன்படுவது இழுக்கன்று, யாரிடம் பட்ட கடன் என்பதை அறியாதிருப்பதே இழுக்கு.